ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கும் வீட்டுக்காரர்



மூன்று மாதத்துக்கு முன் குழுக் கூட்டம் முடிந்து கணக்கு நோட்டை மூடும்போது ஒரு அக்கா மட்டும் கிளம்பாமல் நின்றார். "அவரு கட்டிலைத் திண்ணைக்கு மாத்திட்டாருங்க. மூஞ்சி குடுத்துப் பேசறதில்லீங்க. வேற ஏதாச்சும் தொடர்பு இருக்குமோன்னு பயமா இருக்குதுங்க" என்றார்.

அவர் வீட்டுக்காரருக்கு வயது 56. டையிங்கில் ஒன்றரை ஷிப்ட் வேலை. மெல்ல விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. ராத்திரி நாலு தடவை மூத்திரத்துக்கு எழுந்திருக்கிறார். தாம்பத்தியத்திலும் முன்போல முடியவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். பிள்ளை படிப்புக்கு வாங்கிய குழுக் கடனில் ஒரு பகுதியை லாட்ஜில் ரூம் போட்டிருந்த வைத்தியரிடம் கொடுத்தும் விட்டார்!

இது பல வீடுகளில் நடப்பதுதான். காரணம் தெரிந்தால் சண்டையும் மிச்சம், பணமும் மிச்சம்.

ஏன் வருகிறது?

ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி புராஸ்டேட் என்ற சுரப்பி இருக்கிறது. பெண்களுக்கு இது கிடையாது. வயது ஏற ஏற இது பெரிதாகும். 50 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி ஆகிறது. எல்லோருக்கும் தொந்தரவு வராது. ஓஸ் பைப்பைக் காலால் மிதித்தால் தண்ணீர் எப்படி வரும்? அதுபோலத்தான். இது புற்றுநோய் அல்ல. ஆனாலும் டாக்டர் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

அடையாளங்கள்:
- அடிக்கடி, அவசரமாக மூத்திரம் வருதல்
- முக்கினால்தான் வருதல், நின்று நின்று வருதல்
- போன பிறகும் மீதி இருப்பது போன்ற உணர்வு

தாம்பத்தியத்துக்கு என்ன சம்பந்தம்?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 50 முதல் 80 வயது வரையுள்ள 12,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் எடுத்த ஆய்வு 2003-ல் வெளிவந்தது. மூத்திரத் தொந்தரவு கூடக்கூட, தாம்பத்தியக் குறைபாடும் கூடுகிறது என்று அது காட்டியது. இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். சர்க்கரை, பி.பி., பீடி சிகரெட், உடல் பருமன் ஆகியவை ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுக்கின்றன. இதோடு தூக்கம் கெடுவதும் மனக்கவலையும் சேர்கின்றன. சில மாத்திரைகளாலும் இப்படி வரலாம்.

ஆகவே இது ஆசை குறைந்ததாலோ, வேறு தொடர்பாலோதான் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. சில பேருக்கு இது இருதய நோயின் முன் அறிகுறியாகவும் இருக்கும்.

என்ன செய்யலாம்?

- முதலில் சர்க்கரை, பி.பி. பாருங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து பார்த்தவர்கள் நம் குழுப் பெண்கள்தானே!
- அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். மூத்திரப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுப்பார்கள். பலருக்கு மாத்திரையே போதும்.
- மாத்திரையால் தாம்பத்தியத்தில் மாற்றம் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.
- பகலில் தண்ணீர் குறைக்க வேண்டாம். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து டீயும் தண்ணீரும் குறைக்கலாம். சாராயம் கூடவே கூடாது.

எச்சரிக்கை!

மூத்திரம் அடியோடு நின்று வயிறு உப்பினாலோ, ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சில சளி மாத்திரைகள் மூத்திரத்தை அடைத்துவிடும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை எடுப்பவர், மெடிக்கலில் 'அந்த' மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டால் பி.பி. இறங்கி உயிருக்கே ஆபத்து.

அந்த அண்ணனுக்குப் பார்த்ததில் சர்க்கரை இருந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கிறாராம். "கட்டில் உள்ளார வந்துருச்சுங்க" என்று அக்காவே சிரித்துக்கொண்டு சொன்னார். கடனில் போன பணம் மட்டும் திரும்பவில்லை. மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வெட்கப்பட்டால் நோய்தான் வளரும்.