வாய்க்குள் போகும் கேமரா: பல்லைப் பார்த்துப் பணம் கொடுங்கள்

மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் நம்மில் யாரும் அரிசியோ பருப்போ வாங்குவதில்லை. ஆனால் பல் டாக்டர், "கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறது, அடைக்க வேண்டும்" என்றால் பார்க்காமலே சரி என்கிறோம். அல்லது நம்பாமல் எழுந்து வந்துவிடுகிறோம். வலியில்லாத பல்லுக்காகக் கடையைப் பூட்டுவானேன் என்ற நினைப்பு. அன்று ஒரே தடவையில் அடைத்திருக்க வேண்டிய பல், பிறகு ரூட் கனால், மேலுறை என்று பல நாள் வியாபாரத்தையும் கெடுத்துப் பல மடங்கு பணத்தையும் விழுங்குகிறது.

நோயாளியும் தன் பல்லைத் தானே பார்க்க வழி செய்வதுதான் வாய்க்குள் படம் பிடிக்கும் கேமரா. 1980களின் பிற்பகுதியில் இது வந்தபோது விளக்குப் பெட்டி, வீடியோ பெட்டி, டி.வி. என்று ஒரு தள்ளுவண்டி நிறைய இருக்கும். விலையும் அதற்கேற்றபடிதான். இப்போது தடித்த பேனா அளவுதான். நுனியில் சிறு லென்சும் எல்.இ.டி. விளக்குகளும் இருக்கும். கம்ப்யூட்டரில் இணைத்தால் பல் திரையில் பல மடங்கு பெரிதாகத் தெரியும். கதிர்வீச்சு இல்லை, வலியும் இல்லை.

பழைய வெள்ளி அடைப்பின் ஓரம் விட்டிருப்பது, பல்லில் மயிரிழை விரிசல், ஈறோரம் படிந்த காரை எல்லாம் இதில் தெளிவாகத் தெரியும். கல்லாவில் உட்கார்ந்தபடி நாள் முழுவதும் பாக்கும் புகையிலையும் மெல்லும் நண்பர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு இருந்தால் படமெடுத்து வைத்து, அடுத்த தடவை பரவியிருக்கிறதா என்று ஒப்பிடலாம். ஆனால் அது புற்றுநோயா இல்லையா என்று படம் சொல்லாது. டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் சிறிது சதை எடுத்துப் பரிசோதிக்கத்தான் வேண்டும். "சூட்டுப்புண்தான்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேமராவுக்கு மேற்பரப்பு மட்டுமே தெரியும். இரண்டு பற்கள் ஒட்டும் இடத்துச் சொத்தையையும், வேர் நுனிச் சீழையும், எலும்புத் தேய்மானத்தையும் எக்ஸ்ரேதான் காட்டும். ஆகவே இந்தப் படத்தை மட்டும் காட்டி ரூட் கனால் என்று யாராவது சொன்னால் எக்ஸ்ரே எங்கே என்று கேளுங்கள். இன்னொன்று, பெரிதாக்கிய படத்தில் சாதாரணக் காப்பிக் கறைகூடப் பள்ளம் போலத் தோன்றும். கறுப்பெல்லாம் சொத்தை அல்ல. பூதக்கண்ணாடி வைத்துச் சரக்குக் காட்டும் வித்தை வியாபாரிகளான நமக்குத் தெரியாததா!

ஒவ்வொருவருக்கும் கேமரா நுனியில் புதிய பிளாஸ்டிக் உறை மாட்ட வேண்டும். ஒருவர் வாயில் போனதை அப்படியே அடுத்தவர் வாயில் வைப்பது கூடாது. உறை மாட்டவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள்.

சிகிச்சைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என அதே பல்லின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தைச் செல்போனுக்கு அனுப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது. பெரிய செலவு என்றால் அதையும் எக்ஸ்ரேயையும் இன்னொரு டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.