மடக்குக் கத்தியை வாசித்தல்: முத்திரையும் கையும்

'பேனாக்கத்தி' என்ற சொல்லில் இறகுப் பேனாவின் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இறகைச் சீவ வைத்திருந்த கத்தி அது. இறகு போச்சு, பெயர் நின்றுவிட்டது. பழைய மடக்குக் கத்திகளைச் சேகரிப்பவர்கள் செய்வதும் இதுதான்: பொருளில் தங்கிவிட்ட காலத்தைப் படித்தெடுப்பது. அதை ஒரு வாசிப்பு முறையாகவே பார்க்கிறேன். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திகளை முன்வைத்து விளக்கலாம்.

வாசிப்பு தொடங்குமிடம் அலகின் அடி. கைப்பிடியோடு சேரும் அந்தச் சின்னப் பகுதியை 'டேங்' என்பார்கள். முத்திரை அதில்தான் குத்தப்பட்டிருக்கும். ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை ஒரு நட்சத்திரமும் மால்டா சிலுவையும். கூடவே கிரீடமும் 'ஜி.ஆர்.' என்ற எழுத்துகளும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஜி என்றால் ஜார்ஜ் மன்னர். எந்த ஜார்ஜ்? 1830இல் இறந்த நான்காம் ஜார்ஜா, 1910க்குப் பிறகு வந்த ஐந்தாம், ஆறாம் ஜார்ஜுகளா? எழுத்து மட்டும் பதில் சொல்லாது. பக்கத்தில் 'இங்கிலாந்து' என்று குத்தியிருந்தால் வழி கிடைக்கிறது: இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 1890 மெக்கின்லி சுங்கச் சட்டம் கட்டாயப்படுத்தியது. 'ஸ்டெயின்லெஸ்' என்றிருந்தால் இன்னும் பிந்தியது. ஹாரி பிரியர்லி அந்த எஃகை ஷெஃபீல்டில் உருவாக்கியதே 1913இல்தான். ஆனால் ஒரு சொல் இல்லாததை மட்டும் வைத்துப் பழமையை நிறுவ முடியாது. அமெரிக்காவுக்குப் போகாத கத்திக்கு அந்தச் சொல் தேவைப்பட்டிருக்காது. குறி தனியாக அர்த்தம் தருவதில்லை, மற்ற குறிகளோடு சேர்ந்தே தருகிறது என்று மொழியியலில் படித்தோமே, அதேதான்.

அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் இந்தச் சிரமத்தைக் குறைத்தது. 1970இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள். வருஷத்துக்கு ஒரு புள்ளி குறையும். ஏழு புள்ளி இருந்தால் 1973. எண்ணத் தெரிந்தால் போதும்.

இவ்வளவு தெளிவான குறி பொய் சொல்லவும் வசதியானது. விலை கூடியதும் புது முத்திரை குத்துகிறவர்களும், உடைந்த கத்திகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்குகிறவர்களும் வந்துவிட்டார்கள். எனவே தேர்ந்த சேகரிப்பாளர் எழுத்தை உடலை வைத்துச் சோதிக்கிறார். அலகு தேய்ந்திருக்க, முத்திரை மட்டும் கூர்மையாக நிற்கிறதா? கைப்பிடியின் எலும்புத் தகடு சுருங்கியிருக்க, ஆணி மட்டும் புதுசா? முதுகு வில்லின் கறையும் அலகின் கறையும் ஒத்துப்போகின்றனவா? இந்தக் காரணத்தால்தான் பழைய கத்தியைப் பளபளவென்று தேய்க்காதே என்கிறார்கள். தேய்த்தால் அழுக்கு மட்டுமா போகும்? சாட்சியமும் போய்விடும்.

இதுவரை சரி. ஆனால் இந்த வாசிப்பு எங்கே போய் நிற்கிறது? நிறுவனத்தின் பெயரில். அடித்தவர் யார், சாணை பிடித்தவர் யார், பூட்டியவர் யார்? ஷெஃபீல்டில் இவை தனித்தனித் தொழில்கள். 'லிட்டில் மெஸ்டர்' எனப்பட்ட சிறு பட்டறைக்காரர்கள் பலர் பெரிய நிறுவனங்களுக்காக வேலை செய்தார்கள். சாணைத் தூசி நுரையீரலை அரித்தது. உலர்சாணை பிடிப்பவர்களின் சராசரி ஆயுள் 35ஐ எட்டுவதே அரிது என்று ஒரு மருத்துவரின் கூற்றை எங்கெல்ஸ் 1845இல் எடுத்துக்காட்டினார். முத்திரையில் அரசனுக்கு இடம் இருந்தது, முதலாளிக்கு இருந்தது, இவர்களுக்கு இல்லை. பதினான்கு வயதில் தொழிலுக்கு வந்து, 2021இல் மறைந்த ஸ்டான் ஷா போலத் தன் பெயரால் அறியப்பட்டவர்கள் விதிவிலக்குகள்.

ஆசிரியன் செத்துவிட்டான் என்று நம் சிற்றிதழ்களில் நிறையப் பேசியாயிற்று. இங்கே பிரச்சினை வேறு. ஆசிரியனாகவே ஒருபோதும் ஏற்கப்படாதவன் செத்திருக்கிறான். அவன் அலகில் விட்டுப்போனது அரத்தின் வரி, ஆணியைத் தட்டிய தழும்பு, மூடும்போது வில் எழுப்பும் ஒரு 'டக்'. சேகரிப்புப் பட்டியல்களில் 'தயாரிப்பாளர்' என்ற கட்டத்தில் நிறுவனத்தின் பெயரை எழுதிவிட்டு அடையாளம் கண்டாயிற்று என்கிறோம். உண்மையில் நாம் கண்டது உடைமையாளரை மட்டுமே.