டிரெய்லரின் சேசிஸ் வளைகிறதா? முறிவதற்கு முன் அது காட்டும் அடையாளங்கள்

பாகான் டத்தோ – ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து பாகான் டத்தோ வரும் சாலையோரம் அரை மணி நேரம் நின்றால் இந்த மாவட்டத்தின் பொருளாதாரமே கண்முன் ஓடும். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள், எண்ணெய் டாங்கிகள், தேங்காய் மூட்டைகள், மணலும் கல்லும் ஏற்றிய டிரெய்லர்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். ஓட்டுநர் இருக்கையில் நம்மவர்கள் பலர். தோட்டத்தை விட்டு வெளியேறிய பல குடும்பங்களுக்கு ஜிடிஎல் உரிமம்தான் முதல் சொத்து. கொஞ்சம் சேமித்துப் பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கி, சொந்தமாக ஓட்டுபவர்களும் உண்டு.

அப்படி வாங்கும்போது எஞ்சினைப் பார்க்கிறோம், டயரைப் பார்க்கிறோம். அடியில் படுத்து சேசிஸ் எனப்படும் சட்டகத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. அந்தச் சட்டகம் எப்படிப் பழுதாகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தால் என்ன செய்வது என்பதை இங்கே பார்ப்போம்.

கடந்த 2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தான் அருகே நடந்ததை இந்த வட்டாரம் மறக்காது. சித்ரா பௌர்ணமி திருவிழாப் பாதுகாப்புப் பணியை முடித்துவிட்டு ஈப்போ திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீசாரின் வாகனமும் கல் ஏற்றி வந்த லோரியும் மோதியதில் 9 போலீசார் உயிரிழந்தனர். அது சட்டகம் முறிந்ததால் நேர்ந்த விபத்து அல்ல. ஆனாலும் லோரிகளின் பாரம், பராமரிப்பு, நிறுவனங்களின் பொறுப்பு ஆகிய கேள்விகளை நாடு முழுவதும் எழுப்பியது அந்தச் சம்பவம்தான். சட்டகப் பழுதும் இதே கேள்விகளோடு பிணைந்தது.

ஐந்தாம் சக்கரம் என்பது எது?

பிரைம் மூவரின் பின்புறம் குதிரை லாடம் போலப் பிளவுபட்ட ஒரு கனமான இரும்புத் தட்டு இருக்கும். அதுதான் 'பிப்த் வீல்', அதாவது ஐந்தாம் சக்கரம். குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கைவாட்டில் ஒரு வளையத்தை வைத்தார்கள். நான்கு சக்கரத்தோடு அது ஐந்தாவது. அந்தப் பெயர் இன்றும் நிலைத்துவிட்டது.

டிரெய்லரின் முன்பகுதிக்கு அடியில் இருக்கும் கிங்பின் இந்தத் தட்டில் பூட்டிக்கொள்ளும். பரவலாகப் பயன்படும் கிங்பின்னின் விட்டம் 50.8 மில்லிமீட்டர். டிரெய்லரை இழுப்பது, நிறுத்துவது, திருப்புவது எல்லாம் இந்த ஒரு முளை வழியாகத்தான்.

அதற்குப் பின்னால் இரண்டு நீண்ட உத்தரங்கள் ஓடும். அவற்றைக் குறுக்குச் சட்டங்கள் இணைக்கும். முன்முனை ஐந்தாம் சக்கரத்தின் மீதும், பின்பகுதி அச்சுகளின் மீதும் தாங்கி நிற்கும். இடையில் உள்ள பகுதி, இரு கரைகளிலும் ஊன்றிய பாலம் போன்றது. பாரம் ஏறியதும் நடுப்பகுதி தாழும். உத்தரத்தின் மேல்பட்டை அமுங்கும், கீழ்ப்பட்டை இழுபடும்.

வளைவது எல்லாம் பழுதல்ல

வளையாத சட்டகம் என்று ஒன்று இல்லை. பாரம் ஏறும்போது வளைந்து, இறங்கியதும் பழைய நிலைக்குத் திரும்புவது எஃகின் இயல்பு. சில டிரெய்லர்கள் காலியாக இருக்கும்போது நடுவில் சற்று மேல்நோக்கி வில் போல வளைந்திருக்கும். பாரம் ஏறினால் நேராகும்படி அப்படியே செய்திருப்பார்கள்.

சிக்கல் இரண்டு விதமாக வரும். ஒன்று, பாரம் இறங்கிய பிறகும் சட்டகம் நிமிராமல் இருப்பது. அதாவது எஃகு தன் எல்லையைத் தாண்டிவிட்டது. மற்றொன்று, வெளியே எந்த வளைவும் தெரியாமல், ஒரே இடத்தில் ஆயிரமாயிரம் முறை இழுபட்டு உள்ளே விரிசல் விடுவது. ஒரு கம்பியைக் கையால் முன்னும் பின்னும் வளைத்தே உடைக்கிறோமே, அதே கதைதான். இதை உலோகக் களைப்பு என்பார்கள். இரண்டாவதுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் அது சத்தமில்லாமல் வளரும்.

விரிசல் எங்கே தொடங்கும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. விசை எங்கே திடீரென்று வழிமாறுகிறதோ அங்கே. முன்பகுதி உயர்ந்து சட்டகத்தின் ஆழம் குறையும் 'கூஸ் நெக்' வளைவு, கிங்பின் தட்டின் ஓரம், ஸ்பிரிங் தாங்கிகள் இணையும் இடம், நிறுத்தும் கால்களின் பிடிகள், பற்றவைப்பு முடியும் நுனி, பட்டையில் யாரோ பின்னாளில் போட்ட துளை ஆகிய இடங்களை முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஐந்தாம் சக்கரத்தில் பூட்டி இழுக்கும் வீட்டு டிரெய்லர்களிலும் முன்பகுதி மேலேறும் இடத்தில்தான் சட்டகம் வளைந்து சுவர்கள் விலகுவதாக உரிமையாளர்கள் புகார் சொல்கிறார்கள். வண்டி வேறு, விதி ஒன்று.

நம் மண்ணும் ஒரு காரணம்

தெலுக் இந்தானில் 1885ஆம் ஆண்டு கட்டிய கோபுரம் ஏன் சாய்ந்தது என்று இங்கே சிறுபிள்ளையும் சொல்லும். அடியில் இருப்பது மிருதுவான மண். அதே கடலோரக் களிமண்தான் பாகான் டத்தோ வரை பரவிக் கிடக்கிறது. அதன்மேல் போட்ட சாலை சீராக அமிழ்வதில்லை. இங்கே ஒரு பள்ளம், அங்கே ஒரு மேடு. தோட்டத்து மண்சாலையைக் கேட்கவே வேண்டாம்.

இப்படிப்பட்ட சாலையில் டிரெய்லரின் ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்திலும் மறுபக்கம் மேட்டிலும் இருக்கும்போது சட்டகம் துணியைப் பிழிவது போல முறுக்கப்படுகிறது. உத்தரங்கள் நேர்ப் பாரத்தைத் தாங்கப் பிறந்தவை. முறுக்கைத் தாங்கும் வலு அவற்றுக்குக் குறைவு. அதனால்தான் குறுக்குச் சட்டங்கள் இணையும் மூலைகளில் விரிசல் தோன்றுகிறது. சாய்த்துக் கொட்டும் டிப்பர் டிரெய்லரை மிருதுவான தரையில் தூக்கினால் இந்த முறுக்கு இன்னும் மோசமாகும். வண்டி கவிழவும் கூடும்.

அதிக பாரத்தின் கணக்கு

லோரியின் பக்கவாட்டில் BTM, BDM என்ற எழுத்துகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலாயில் 'பெராட் தன்பா முவாத்தான்' என்பது சரக்கில்லாத எடை. 'பெராட் டெங்கான் முவாத்தான்' என்பது சரக்கோடு அனுமதிக்கப்பட்ட எடை. இந்த இரண்டாவது எண்ணைத் தாண்டுவது சட்டக் குற்றம் என்பது எல்லாருக்கும் தெரியும். சட்டகத்துக்கு அது என்ன செய்கிறது என்பது தெரிவதில்லை.

பற்றவைத்த எஃகு இணைப்புக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பொதுவான கணக்கு இது: அதன் மீதான விசை எவ்வளவு கூடுகிறதோ, களைப்பு அதன் முப்படியாகக் கூடும். விசை 10 விழுக்காடு கூடினால் சேதம் ஏறத்தாழ 1.3 மடங்கு. 25 விழுக்காடு கூடினால் ஏறத்தாழ 2 மடங்கு. 50 விழுக்காடு என்றால் 3.4 மடங்கு. இருமடங்கு விசை என்றால் 8 மடங்கு. 12 ஆண்டு உழைக்க வேண்டிய இணைப்பு, தொடர்ந்து கால் பங்கு அதிக விசையில் ஓடினால் 6 ஆண்டில் களைத்துவிடும்.

சாலைக்கும் இதே நிலைதான். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய்ஸ் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனை, அச்சின் பாரம் கூடும்போது சாலையின் சேதம் ஏறத்தாழ நான்கு படியாகக் கூடுவதைக் காட்டியது. அதிக பாரம் சாலையைக் கெடுக்கிறது. கெட்ட சாலை வண்டியைக் கெடுக்கிறது. மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் வண்டியின் அச்சு தாங்காது என்று வள்ளுவர் சொன்னது அரசர்களுக்கு. லோரி முதலாளிகளுக்கும் அது பொருந்தும்.

ஓட்டுநரே பார்க்கக்கூடிய அடையாளங்கள்

கனரக வாகனங்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை புஸ்பாகோம் போன்ற மையங்களில் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஆனால், அந்த இரண்டு பரிசோதனைகளுக்கு இடையில் வண்டியோடு வாழ்பவர் ஓட்டுநர்தான். அவர் கவனிக்க வேண்டியவை:

• பெயிண்டில் மயிரிழை போன்ற கோடு, அதிலிருந்து வழியும் பழுப்புத் துருக்கறை. பரவலாகப் படிந்த துரு வேறு. ஒரு கோட்டிலிருந்து கசியும் துரு பெரும்பாலும் விரிசல்தான்.

• முறுக்கிய போல்ட்டு மறுபடி மறுபடி தளர்வது.

• பெட்டி டிரெய்லரின் கதவு திடீரென்று சரியாகப் பூட்டாதது, கொள்கலனின் மூலைப் பூட்டு பொருந்தாதது.

• ஒரு பக்க டயர் மட்டும் சீக்கிரம் தேய்வது. பின்னால் வருபவருக்கு டிரெய்லர் நண்டு போலப் பக்கவாட்டில் நகர்வதாகத் தெரிவது.

• பிரேக் பிடிக்கும்போதும் புறப்படும்போதும் முன்பக்கம் 'டக்' என்று அடிப்பது. இது கிங்பின் தேய்ந்ததற்கோ, பூட்டு தளர்ந்ததற்கோ அடையாளம். 50.8 மில்லிமீட்டர் கிங்பின் தேய்ந்து 49 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

சந்தேகம் வந்தால் சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, உத்தரத்தின் முனையிலிருந்து முனைக்கு நூல் பிடித்துப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பிறகு கிங்பின்னின் நடுவிலிருந்து முதல் அச்சின் இடது முனைக்கும் வலது முனைக்கும் அளவெடுங்கள். இரண்டுக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

விரிசலை உறுதிசெய்ய எளிய வழி சாயச் சோதனை. இடத்தைச் சுத்தம் செய்து சிவப்புச் சாயத்தைத் தெளித்து, சற்று நேரம் கழித்துத் துடைத்துவிட்டு வெள்ளைப் பூச்சைத் தெளித்தால், விரிசல் சிவப்புக் கோடாக எழும்.

மேலே ஒட்டுப்போட்டால் போதாது

விரிசலைக் கண்டதும் அதன்மேல் ஒரு வரி வெல்டிங் ஓட்டி, கறுப்புப் பெயிண்ட் அடித்து அனுப்பிவிடுவது வழக்கம். அடியில் விரிசல் அப்படியே இருக்கும். சில வாரத்தில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி பிளக்கும்.

முறையான வேலை வேறு. விரிசலின் நுனி எங்கே முடிகிறது என்று சாயம் தெளித்துக் கண்டுபிடிக்க வேண்டும். விரிசல் முழுவதையும் அடிவரை குடைந்தெடுத்து, ஈரமில்லாத குறை ஹைட்ரஜன் வெல்டிங் குச்சியால் நிரப்பி, மேற்பரப்பைத் தேய்த்துச் சீராக்க வேண்டும். வலுவூட்டத் தகடு வைத்தால் அதன் முனை சதுரமாக இருக்கக்கூடாது. படிப்படியாகக் குறுகி முடிய வேண்டும். சதுர முனை என்றால் அடுத்த விரிசல் அங்கேதான். கீழ்ப்பட்டையின் குறுக்கே பற்றவைப்பதையும், அதில் துளையிடுவதையும் தவிர்க்க வேண்டும். உயர்வலு எஃகில் செய்த சட்டகத்தைச் சூடாக்கி நிமிர்த்தினால் அதன் வலுவே போய்விடும். கிங்பின்னில் வெல்டிங் கூடவே கூடாது. அதை மாற்றத்தான் வேண்டும். டாங்கி என்றால் உள்ளே கழுவி, எரிவாயு இல்லை என்று சோதித்த பிறகே தீப்பொறி. சட்டகத்தின் நீளத்தையோ அச்சுகளையோ மாற்றுவதாக இருந்தால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதல் வேண்டும்.

'ஒரு சின்ன கொக்கிதானே' என்று கருவிப்பெட்டிக்கும் உபரி டயருக்கும் கண்ட இடத்தில் வெல்டிங் செய்வதும் ஆபத்து. 1980 மார்ச் 27ஆம் தேதி வட கடலில் 'அலெக்சாண்டர் கீலண்ட்' என்ற எண்ணெய்த் தொழிலாளர் தங்கும் மேடை கவிழ்ந்து 123 பேர் மாண்டனர். ஒரு சிறிய ஒலிக்கருவியைப் பொருத்தச் செய்த மோசமான பற்றவைப்பிலிருந்து தொடங்கிய விரிசலே அதற்குக் காரணம் என்று விசாரணை கண்டது.

'ஓட்டமாட்டேன்' என்று சொல்ல முடியுமா?

கடைசிக் கேள்வி இதுதான். விரிசலைப் பார்த்துவிட்ட ஓட்டுநர் வண்டியை எடுக்க மறுத்தால் வேலை போகுமா? டிரிப் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு ஒரு நாள் நின்றாலே இழப்பு.

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து உண்டு என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, அதைத் தெரிவித்தும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகி நிற்கலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது என்கிறது அந்தத் திருத்தம்.

ஆகவே வாயால் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். விரிசலின் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, வண்டி எண்ணோடு மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தேதியும் நேரமும் தாமே பதிவாகிவிடும். சொந்தமாக டிரெய்லர் வைத்து ஓட்டுபவர்கள் பெர்கேசோவின் சுயதொழில் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்திருப்பது நல்லது.

சட்டகம் ஒரே நாளில் முறிவதில்லை. மாதக்கணக்கில் துருக்கோடாகவும், தளரும் போல்ட்டாகவும், பூட்டாத கதவாகவும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதே சாலையில் பிள்ளையைப் பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போகும் அப்பாவும் நம்மில் ஒருவர்தான். வாரத்தில் ஒரு நாள், ஒரு கைவிளக்கோடு பத்து நிமிடம் அடியில் குனிந்து பாருங்கள்.