தீப்பெட்டி எங்கே இருக்கிறது?

மழைக்கால மாலை ஏழு மணி. திடீரென்று மின்சாரம் நின்றுவிடுகிறது. வீட்டில் இருக்கும் நான்கு பேரும் ஒரே குரலில் கேட்கிறார்கள்: "அம்மா, தீப்பெட்டி எங்கே?" அடுக்களையிலிருந்து பதில் வருகிறது: "இரண்டாவது தட்டு, காப்பிப்பொடி டப்பாவுக்குப் பின்னால்." இருட்டிலும் அவளுக்கு அது தெரிகிறது. மற்றவர்களுக்குப் பகலிலும் தெரியாது.

மும்பைத் தமிழர் வீடுகளில் ஒழுங்குக்குக் குறைவில்லை. தாராவியின் பத்துக்குப் பத்து அறையானாலும், செம்பூரின் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டானாலும், சாமான்கள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அந்த இடங்களின் வரைபடம் முழுவதும் ஒரே ஒருத்தியின் தலைக்குள் இருக்கிறது. ரேஷன் கார்டு எங்கே, பாட்டியின் ரத்த அழுத்த மாத்திரை எங்கே, சொசைட்டி ரசீது எங்கே என்று எல்லாம் அவளைக் கேட்டால்தான் தெரியும். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கணவன்மார் உண்டு. "எனக்கு வீட்டில் ஒரு ஸ்பூன் இருக்கும் இடம்கூடத் தெரியாது, எல்லாம் அவள்தான்" என்பார்கள். அவள் வீட்டில் இல்லாத நாளில் என்ன ஆகும் என்று யோசிப்பவர் குறைவு.

அப்படி ஒரு நாள் வந்தது

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதே நகரத்தின் தென்கோடியில் கொலாபாவில் பதிவானதோ சுமார் 73 மில்லிமீட்டர்தான். இந்த வித்தியாசத்தில்தான் அன்றைய அவதியின் பாதி அடங்கியிருக்கிறது. கோட்டைப் பகுதி அலுவலகங்களில் இருந்தவர்களுக்கு அது வழக்கமான மழையாகவே தோன்றிற்று. மாலையில் ரயில் நிலையத்துக்கு வந்த பிறகுதான், வடக்கே தண்டவாளங்கள் மூழ்கிவிட்டன, லோக்கல் ஓடாது என்பது தெரிந்தது. கைத்தொலைபேசிகள் பல பேசாமல் போயின. புறநகர்களில் மின்சாரம் இல்லை. ஆயிரக்கணக்கானோர் இரவை அலுவலகத்திலும், நிலையத்திலும், நின்றுபோன பஸ்ஸிலும் கழித்தார்கள். பலர் இடுப்பளவுத் தண்ணீரில் மணிக்கணக்காக நடந்து மறுநாள் வீடு சேர்ந்தார்கள். பள்ளிக்கூடங்களில் தங்கிவிட்ட குழந்தைகளும் உண்டு.

வேலைக்குப் போகும் தாய்மார்கள் பல மணி தூரத்துக்கு அப்பால். வீட்டில் வயதானவர்களும் பிள்ளைகளும் மட்டும். மெயின் சுவிட்ச் எங்கே, மெழுகுவர்த்தி எங்கே, எந்தக் குடத்தில் இருப்பது குடிக்கிற தண்ணீர், எந்தப் பெட்டியை முதலில் மேலே ஏற்ற வேண்டும்? கேட்பதற்கு ஆள் இல்லை. தரைமட்ட வீடுகளில் தண்ணீர் ஏறுவதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

அத்தகைய மழை அடிக்கடி வருவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் 2017 ஆகஸ்ட் 29-ஆம் தேதி மறுபடியும் ரயில்கள் நின்றன. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 330 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. திறந்து கிடந்த சாக்கடைக் குழியில் விழுந்து பெயர் பெற்ற மருத்துவர் ஒருவர் உயிரிழந்ததும் அன்றுதான். ஹிந்துமாதா, சயான், குர்லா, கிங்ஸ் சர்க்கிள் பகுதிகளில் தண்ணீர் தேங்காத மழைக்காலமே இல்லை என்று சொல்லிவிடலாம்.

வீடு ஒழுங்காக இருப்பது என்றால் ஷோகேஸில் பொம்மைகள் வரிசையாக நிற்பது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மும்பையில் அதற்கு வேறு அளவுகோல் வேண்டியிருக்கிறது. வீட்டில் இருப்பவர்களில் மிகச் சிறியவனோ, மிக மூத்தவரோ, யாரையும் கேட்காமல், இருட்டில், ஐந்து நிமிடத்துக்குள் வேண்டிய பொருளை எடுக்க முடிகிறதா? முடிந்தால் அது ஒழுங்கான வீடு.

காகிதங்கள்

சாமான்களில் எது போனாலும் திரும்ப வாங்கிவிடலாம். காகிதம் போனால் அப்படி இல்லை. அதிலும் வெளிமாநிலத்தில் குடியேறியவர்களுக்குக் காகிதத்தின் மதிப்பே வேறு. மகனின் மதிப்பெண் பட்டியல் நனைந்து கூழானால், அதன் நகலுக்குத் திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் கடிதம் எழுத வேண்டும். தகப்பனாரின் சாதிச் சான்றிதழ் ஊர்த் தாலுகா அலுவலகத்தில் கொடுத்தது. மகாராஷ்டிரத்தில் பிள்ளைக்குச் சான்றிதழ் கேட்கும்போது அதைத்தான் முதலில் காட்டச் சொல்கிறார்கள்.

தாராவிபோன்ற இடங்களில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. குடிசைப் பகுதி மறுசீரமைப்பில் இலவசமாக வீடு பெற, 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பே அங்கே குடியிருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். அந்த அத்தாட்சி பெரும்பாலும் எது? யாரும் மதிக்காத ஒரு பழைய மின்கட்டண ரசீது. பழைய வாக்காளர் பட்டியலில் ஒரு வரி. மங்கிப்போன ஒரு ரேஷன் கார்டு. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று பழைய ரசீதுக் கட்டைத் தூக்கி எறிந்தவர்கள், தலைமுறையாக வாழ்ந்த இடத்தில் தாங்கள் வாழ்ந்ததை நிரூபிக்க முடியாமல் அலைய நேரிடுகிறது. குப்பைக்கும் ஆவணத்துக்கும் உள்ள வித்தியாசம் பார்வைக்குத் தெரிவதில்லை. ஆகவே ஒழுங்கு செய்கிறவர் கையில் துடைப்பம் எடுப்பதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்வது நல்லது.

பெரும்பாலான வீடுகளில் இந்தக் காகிதங்கள் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் உறங்குகின்றன. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் நனைவது அந்தப் பெட்டிதான். பத்திரமான இடம் பரண். கெட்டியான பிளாஸ்டிக் உறைகளில் ஆளுக்கு ஓர் உறையாகப் போட்டு, வாயை இறுக்கி, எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்து, கைக்கெட்டும் பரண் விளிம்பில் வைத்துவிட்டால் பத்து வயதுப் பையன்கூட ஸ்டூல் போட்டு எடுத்துவிடுவான். பையின் நிறம் பளிச்சென்று இருக்கட்டும். "சிவப்புப் பை" என்று சொன்னால் வீட்டில் எல்லாருக்கும் புரிய வேண்டும்.

ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றுக்கு 2015-இல் அரசு தொடங்கிய டிஜிலாக்கர் இருக்கிறது. கைப்பேசியிலேயே எடுத்துக் காட்டலாம். ஆனால் 1998-ஆம் வருஷத்து மின் ரசீது அதில் ஏறிக்கொண்டு உட்காராது. அதை வீட்டில்தான் காப்பாற்ற வேண்டும். முக்கியமான காகிதங்களுக்கு ஒரு செட் நகல் எடுத்து, ஊரில் அண்ணன் வீட்டிலோ, மாடியில் குடியிருக்கும் நம்பிக்கையான உறவினர் வீட்டிலோ கொடுத்து வைக்கும் குடும்பங்கள் உண்டு. செலவு சில நூறு ரூபாய்தான்.

தண்ணீரும் தானியமும்

மழை கொட்டும் நகரத்தில் தண்ணீருக்குத் தட்டுப்பாடா என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். மும்பைக்குத் தண்ணீர் தருபவை தான்சா, பாட்சா, மோடக் சாகர், மேல் வைதரணா, மத்திய வைதரணா, விஹார், துளசி ஆகிய ஏழு ஏரிகள். நாலு மாத மழையில் நிரம்புவதை வருஷம் முழுவதும் வைத்துக்கொள்ள வேண்டும். குழாயில் தண்ணீர் வருவது பல பகுதிகளில் சில மணி நேரம்தான். விடியற்காலையில் எழுந்து டிரம்மும் குடமும் நிரப்புவது மும்பைத் தமிழ்ப் பெண்ணுக்குக் கோலம் போடுவதைவிட முக்கியமான காலைக் கடன். அடுக்குமாடிக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை என்று எண்ண வேண்டாம். மின்சாரம் நின்றால் மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றால் மாடித் தொட்டி காலி. தரைக்கடியில் உள்ள தொட்டியில் வெள்ளநீர் கலந்துவிட்டால் அதைக் கழுவிச் சுத்தம் செய்யும்வரை தொடக்கூடாது. குடிப்பதற்கென்று இரண்டு குடம், மூடியோடு, மழைக்காலம் முழுவதும் தனியாக இருக்கட்டும். அதைத் தினமும் மாற்றி நிரப்பும் பொறுப்பை வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். மழைக்காலத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்பது தனியே சொல்ல வேண்டியதில்லை.

தானிய விஷயத்தில் மராத்தியர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. மழைக்கு முன் சாமான் சேர்த்து வைப்பதற்கு அவர்களிடம் "பேகமி" என்று ஒரு சொல்லே உண்டு. ஏப்ரல், மே வெயிலில் அப்பளமும் குரடையும் காய வைப்பார்கள். தமிழ் வீடுகளில் அதே வெயிலில் வற்றலும் வடாமும் காய்கின்றன. மிளகாய், மல்லியைக் காய வைத்துச் சாம்பார்ப் பொடி திரிப்பதற்கும் மே மாதம்தான் கடைசி வாய்ப்பு. ஜூன் பிறந்துவிட்டால் நாலு மாதத்துக்கு நல்ல வெயிலை நம்ப முடியாது. அரிசிக்குள் காய்ந்த வேப்பிலை, துவரம்பருப்பில் விளக்கெண்ணெய்ப் பூச்சு, உப்பு ஜாடியில் நாலைந்து அரிசி ஆகியவை பாட்டிமார் சொல்லித் தந்தவை. தீப்பெட்டியையும் இறுக மூடும் டப்பாவில்தான் போட வேண்டும். மும்பை ஈரக்காற்றில் நமத்துப்போன தீப்பெட்டி இருந்தும் இல்லாததுதான்.

அடுப்பு மூட்டாமல் சாப்பிடக் கூடியதாகவும் கொஞ்சம் வேண்டும். அவலும், பொரிகடலையும், கருப்பட்டியும் இருந்தால் ஒரு குடும்பம் ஒரு நாளை ஓட்டிவிடும். பிஸ்கட் பாக்கெட்டும் வைக்கலாம்தான். ஆனால் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது வெள்ளம் வரும்வரை தங்குமா என்பது வேறு விஷயம்.

மாத்திரைகள்

சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்களின் மாத்திரை தீர்ந்த பிறகு வாங்கப் போவது இந்த நகரத்துக்கு ஒத்துவராத பழக்கம். எப்போதும் ஒரு வாரத்துக்கு மேல் கையிருப்பு வேண்டும். எந்த மாத்திரை, எந்த வேளை என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி டப்பா மூடியில் ஒட்டிவிட்டால், மருமகள் வீட்டில் இல்லாத நேரத்தில் மாமியார் தவிக்க வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள், மின்சாரம் நின்றால் மருந்தைத் தண்ணீர் படாதபடி ஒரு டப்பாவில் வைத்து, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைக்கலாம். வயிற்றுப்போக்குக்கு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி வைத்தால்கூடத் தப்பில்லை.

தேங்கிய தண்ணீரில் நடந்து வந்தவர் கால் கழுவிவிட்டுப் படுத்துவிடுவது வழக்கம். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலில் உள்ள சிறு வெட்டுக்காயம் வழியாக எலிக்காய்ச்சல் தொற்றுகிறது. 2005 வெள்ளத்துக்குப் பிறகு மும்பையில் இது பலரைப் பிடித்தது. அப்படி நடந்து வந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை பெற வேண்டும் என்று மாநகராட்சி ஆண்டுதோறும் சொல்லி வருகிறது. கேட்பவர் சிலரே.

ரயில் நின்றால் யார் எங்கே?

இதை முன்கூட்டியே பேசி முடிவு செய்த குடும்பம் பாதிக் கவலையிலிருந்து தப்பியது. கோட்டையில் வேலை செய்பவர் மாட்டுங்கா மச்சினர் வீட்டோடு நிற்க வேண்டும். டோம்பிவிலிக்கு நடந்து வரக்கூடாது. பள்ளியிலிருந்து பிள்ளை தனியே கிளம்பக்கூடாது. இன்ன வீட்டு மாமி வந்து அழைத்தால்தான் வர வேண்டும். இவற்றோடு நாலைந்து தொலைபேசி எண்களைக் காகிதத்தில் எழுதி, பர்ஸிலும், பள்ளிப் பையிலும், அடுக்களைக் கதவின் பின்புறமும் வைத்துவிட வேண்டும். கைப்பேசி உயிரிழந்தால் சொந்தத் தம்பியின் எண்கூட எவருக்கும் நினைவில் இல்லை. மாநகராட்சிப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1916, சமையல் எரிவாயு கசிந்தால் 1906, பொதுவான அவசரத்துக்கு 112. இவையும் அதே காகிதத்தில் இருக்கட்டும்.

கடல் ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டும் தேதிகளை மழைக்கு முன்னதாகவே மாநகராட்சி அறிவித்துவிடுகிறது. அந்த நேரத்தில் பலத்த மழையும் சேர்ந்தால் சாக்கடை நீர் கடலில் இறங்க வழியின்றித் தெருவில் நிற்கும். அந்தத் தேதிகளை அடுக்களைக் காலண்டரில் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு வைத்தால் அன்று வெளிவேலைகளைத் தள்ளிப் போடலாம்.

ஊருக்குப் போகும் முன்பு

இதில் தமிழர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பள்ளி விடுமுறை விட்டதும் குடும்பம் குடும்பமாக ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து எல்லாம் முடிந்து, ஜூன் இரண்டாவது வாரம் பள்ளி திறக்கும் சமயத்தில் நாகர்கோவில் ரயிலில் வந்து இறங்கினால், மும்பையில் மழையும் கூடவே வந்து இறங்குகிறது. மழைக்கான ஏற்பாடுகளைச் செய்ய வேண்டிய மே மாதம் முழுவதும் வீடு பூட்டிக் கிடந்திருக்கும். வழக்கமாகப் பருவமழை மும்பைக்கு வரும் தேதி ஜூன் 11. ஆனால் 2025-இல் அது மே 26-ஆம் தேதியே வந்துவிட்டது. ஊரில் மாங்காய் ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தவர்கள், ஜன்னலைச் சாத்தினோமா இல்லையா என்று நாலு நாள் தூங்காமல் இருந்தார்கள்.

ஆகவே மழைக்கான வேலையை ஏப்ரலிலேயே, ஊருக்கு மூட்டை கட்டும்போதே முடித்துவிடுவதுதான் வசதி. டிரம்களைக் கழுவிக் கவிழ்த்து வைக்கலாம். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டு, குழாய் மாற்றும் தேதி தாண்டவில்லையே என்று பார்க்கலாம். மெயின் சுவிட்சை அணைத்து, தரையில் இருக்கும் துணி மூட்டைகளைப் பரணுக்கு ஏற்றி, பாச்சை உருண்டையும் போட்டுவிடலாம். சிவப்புப் பையை மாடி வீட்டு உறவினரிடமும், ஒரு சாவியைப் பக்கத்து வீட்டிலும் கொடுத்துவிட வேண்டும். சாவி கொடுக்கும்போது மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதையும் ஒரு முறை காட்டிவிட்டுப் புறப்படலாம்.