கோப்பு சரிதான், பெயரைப் பாருங்க!

விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள். சான்றிதழை போனிலேயே ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கியாச்சு. அளவும் கேட்ட வரம்புக்குள்தான் இருக்கு. ஆனால் அப்லோடு கொடுத்தால் ‘செல்லாத கோப்பு’ என்றே திரும்பத் திரும்ப வருகிறது. உடனே மறுபடி ஸ்கேன் எடுக்க ஓடாதீங்க. முதலில் கோப்பின் பெயரைப் பாருங்க.

பெயரில் அப்படி என்ன இருக்கு? கொஞ்சம் பழைய கதை இது. 1981-ல் வந்த டாஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்புக்கு எட்டு எழுத்தில்தான் பெயர் வைக்க முடியும். பிறகு ஒரு புள்ளி, கோப்பின் வகையைச் சொல்ல மூன்று எழுத்து. அவ்வளவுதான். 1995-ல் வந்த விண்டோஸ் 95, 255 எழுத்து வரை அனுமதித்தது. ஆனால் பழைய மென்பொருளுக்கு நீளப் பெயர் புரியாதே! அதற்காக விண்டோஸ் பின்னணியில் ஒரு சுருக்கப் பெயரையும் வைத்துக்கொண்டது: முதல் ஆறு எழுத்து, ஓர் அலைக்குறி, ஓர் எண்.

இன்றைய போன்கள் தாராளமானவை. தமிழில், இடைவெளி விட்டு, அடைப்புக்குறி போட்டு, ஏன், எமோஜி வைத்துக்கூடப் பெயர் வைக்கலாம். ஆனால் கோப்பு போய்ச் சேரும் இடத்தில் உள்ள மென்பொருள் பல வருடம் முன்பு எழுதப்பட்டதாக இருக்கலாம். ஆங்கில எழுத்தையும் எண்ணையும் மட்டுமே அது எதிர்பார்க்கும். தமிழ்ப் பெயர் அங்கே கேள்விக்குறிகளாக மாறலாம், கோப்பே நிராகரிக்கப்படலாம்.

நீளத்திலும் ஒரு கணக்கு இருக்கு. யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு. மொத்தம் 15 பைட். ஆண்ட்ராய்டு போனில் பெயரின் வரம்பு 255 பைட். அதாவது தமிழில் 85 குறியீட்டோடு இடம் தீர்ந்துவிடும்.

இனி பெயர் வைக்கும்போது இதையெல்லாம் கவனிங்க:

• ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் போதும். இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போடுங்க.
• 20 எழுத்துக்குள் முடிங்க.
• தேதிக்குச் சாய்கோடு வேண்டாம். சாய்கோடு, நட்சத்திரக் குறி, கேள்விக்குறி போன்றவற்றைக் கோப்பின் பெயரில் விண்டோஸ் ஏற்காது.
• புள்ளி ஒன்றுதான், அதுவும் கோப்பு வகைக்கு முன்னால் மட்டும்.
• புள்ளிக்குப் பின்னால் உள்ள எழுத்தை மாற்றாதீங்க. ஐபோனில் எடுத்த ஹெச்இஐசி படத்தை ஜேபிஜி என்று பெயர் மாற்றினால், உள்ளே இருக்கும் படம் ஜேபிஜி ஆகிவிடாது. ஐபோன் அமைப்புகளில் கேமரா, ஃபார்மேட்ஸ் பகுதிக்குப் போய் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்பதைத் தேர்வு செய்தால், அடுத்து எடுக்கும் படங்கள் ஜேபிஜி-யாகவே சேமிக்கப்படும்.
• ஆதார் எண், கைபேசி எண்ணைப் பெயரில் சேர்க்காதீங்க. பிரவுசிங் சென்டர் கணினியில் கோப்பைத் திறக்காமலே யாரும் அதைப் படித்துவிடலாம்.

பெயர் மாற்றுவது எளிது. போனில் உள்ள ஃபைல்ஸ் செயலியைத் திறந்து, கோப்பை அழுத்திப் பிடிங்க. வரும் மெனுவில் ‘மறுபெயரிடு’ என்பதைத் தேர்வு செய்யுங்க.

இணையத்தில் பதிவிறக்கிய சான்றிதழில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கே, பெயரை மாற்றினால் செல்லாமல் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். கையொப்பம் கோப்பின் உள்ளே இருக்கிறது. வெளியே உள்ள பெயரை மாற்றுவதால் அதற்கு ஒன்றும் ஆகாது.

பெயரைச் சரிசெய்த பிறகும் ஏற்கவில்லை என்றால், கோப்பின் வகையையும் அளவையும் இன்னொரு முறை சரிபாருங்க. அப்படியும் முடியாவிட்டால், பெயர் மாற்றிய கோப்போடு அருகில் உள்ள இ-சேவை மையத்துக்குப் போங்க. கடைசி நாள் வரை காத்திருக்காமல் இரண்டு நாள் முன்பே முயன்றால், இதையெல்லாம் நிதானமாகச் செய்ய நேரம் கிடைக்கும்.