குணமான பிள்ளைகளும் புகை, மதுவும்

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், 1962ஆம் ஆண்டு, புனித யூதா ததேயுவின் பெயரால் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. வறுமையில் வாடிய நாளில் நடிகர் டேனி தாமஸ் அப்புனிதருக்குச் செய்த நேர்ச்சையின் கனி அது. அந்நாளில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை பிழைப்பது அரிது. இன்றோ, வளமிக்க நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளுள் 100க்கு 80 பேருக்கு மேல் குணமடைகின்றனர், வளர்கின்றனர், மணம் புரிந்து மக்களையும் பெறுகின்றனர்.

ஆயினும், உயிரைக் காத்த மருந்தே உடலில் தன் சுவட்டையும் விட்டுச் செல்வதுண்டு. டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் இதயத் தசையை நலிவுறச் செய்யக்கூடும். மார்பில் பாய்ச்சிய கதிர்வீச்சு, பல்லாண்டுகளுக்குப் பின் இதய நோய்க்கோ வேறொரு புற்றுநோய்க்கோ வழிகோலலாம். இத்தகையோர் புகைத்தால், இருக்கும் இடரோடு புதிய இடரும் சேர்கிறது. அளவுமீறிய மதுவும் அத்தகையதே.

இத்துணைத் துன்பம் கண்டவரா புகைப்பார் என வியக்கிறீர்களா? சிலர் புகைக்கவே செய்கின்றனர். அச்சமும் தனிமையும், தாமும் பிறரைப் போன்றவரே எனக் காட்டும் ஆவலும் அவர்களை இழுக்கின்றன. சிறுவயதில் தாம் பெற்ற சிகிச்சை எதுவென்பதே பலருக்குத் தெரிவதில்லை.

ஆகவே, தொடர் பரிசோதனைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இதுபற்றி மருத்துவர் வினவுதல் நன்று. உலக சுகாதார நிறுவனம் மதுவைப் பற்றி 10 வினாக்களும், புகையிலை, மது, போதைப்பொருள் யாவற்றையும் பற்றி 8 வினாக்களும் வகுத்துள்ளது. சில நிமிடங்கள் போதும். விடையில் ஆபத்து தென்பட்டால் குறுகிய ஆலோசனை தொடரும். அது கண்டனமன்று, பிரசங்கமுமன்று. “உமக்குத் தந்த மருந்து இது, அதனால் உம் இதயத்திற்குக் காவல் தேவை. நீர் என்ன நினைக்கிறீர்?” எனக் கேட்டு, விடுவதற்கான காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல வைப்பதே முறை. அடிமைப்பட்டோரை மேற்சிகிச்சைக்கு அனுப்புவர்.

இது பயன் தருமா? 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சிறுவயதுப் புற்றுநோயினின்று மீண்ட புகைப்போர்க்கு, அவ்வாறே மீண்ட மற்றொருவர் தொலைபேசியில் ஆலோசனை கூறினார். நிகோடின் மருந்தும் இலவசமாய் அளிக்கப்பட்டது. கையேட்டை மட்டும் பெற்றோரைவிட, 8 மாத முடிவில், ஏறத்தாழ இருமடங்கினர் புகையை விட்டிருந்தனர்.

பெற்றோரே, பிள்ளையின் சிகிச்சைக் குறிப்புகளைப் பத்திரப்படுத்தி, வயது வந்ததும் அவர் கையில் ஒப்படையுங்கள். அவர் புகைப்பதை அறிந்தால் குற்றவாளியாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால், மருத்துவரிடமும் மறைப்பார். அன்போடு கேளுங்கள், பொறுமையோடு செவிசாயுங்கள். இறைவன் மீட்டுத் தந்த உயிரைக் காக்கும் கடமையில் நமக்கும் பங்குண்டன்றோ!