உங்களுக்குத் தெரியுமா? 97-ஐ எது வகுக்கும்?

◆ ‘97-இன் காரணிகளை எழுதுக’ என்ற கேள்விக்கு விடை இரண்டே எண்கள்: 1, 97. எழுத ஐந்து நொடி ஆகாது. ‘97 பகா எண் என்று உனக்கு எப்படித் தெரியும்?’ என்று அடுத்த கேள்வி போட்டால்தான் பலர் விழிப்பார்கள். பகா எண்ணின் காரணிகளைச் சொல்வதில் ஒரு சிரமமும் இல்லை. அது பகா எண்தானா என்று உறுதி செய்வதற்குத்தான் ஈராயிரம் ஆண்டுக்கும் மேலாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

◆ 97-ஐ 2 முதல் 96 வரை எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. நான்கே எண்கள் போதும்: 2, 3, 5, 7. காரணிகள் எப்போதும் ஜோடியாக வரும். ஜோடியில் இரண்டுமே 10-ஐத் தாண்டினால் பெருக்கிய தொகை 100-ஐத் தாண்டிவிடும். அப்படியானால் ஒன்றாவது 10-க்குள் இருந்தாக வேண்டும். இனி வேலை எளிது. 97 ஒற்றைப்படை. இலக்கங்களைக் கூட்டினால் 16, அது 3-ஆல் வகுபடாது. கடைசி இலக்கம் 0-வும் இல்லை, 5-ம் இல்லை. 7-ஆல் வகுத்தால் ஈவு 13, மீதி 6. முடிந்தது கதை. எந்த எண்ணை எடுத்தாலும் அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

◆ பார்வைக்குப் பகா எண் மாதிரியே நடிக்கும் எண்கள் உண்டு. 51 (3×17), 87 (3×29), 91 (7×13) மூன்றும் தேர்ந்த நடிகர்கள். 57-க்குத் தனிப் புகழ். இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் கணித மேதைகளில் ஒருவரான அலெக்சாண்டர் குரோத்தெண்டீக்கிடம், ‘உதாரணத்துக்கு ஒரு பகா எண்ணை வைத்துக்கொள்வோமா?’ என்று யாரோ கேட்க, அவர் ‘சரி, 57’ என்றாராம். 57 = 3×19. கதை உண்மையோ பொய்யோ, அந்த எண்ணுக்கு ‘குரோத்தெண்டீக் பகா எண்’ என்ற கேலிப்பெயர் நிலைத்துவிட்டது.

◆ 1 பகா எண் இல்லை. அதற்குக் காரணி ஒன்றே ஒன்றுதான். ஆனால் 1914-இல் அமெரிக்கக் கணித அறிஞர் டெரிக் நார்மன் லேமர் வெளியிட்ட புகழ்பெற்ற பகா எண் அட்டவணை 1-இல்தான் தொடங்குகிறது! 1-ஐச் சேர்த்துக்கொண்டால் 6 = 2×3 என்பதோடு நிற்காது; 1×2×3, 1×1×2×3 என்று முடிவில்லாமல் போகும். ‘ஒவ்வோர் எண்ணையும் பகாக் காரணிகளாகப் பிரிக்க ஒரே வழிதான்’ என்ற அழகான விதியைக் காப்பாற்றவே 1-ஐ வெளியே அனுப்பினார்கள்.

◆ 31, 331, 3331, 33331, 333331, 3333331, 33333331. ஏழும் பகா எண்கள். அடுத்ததும் அப்படித்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டினால் பணம் போய்விடும்: 333333331 = 17 × 19607843.

◆ ஓர் எண்ணின் காரணி என்ன என்று தெரியாமலேயே ‘இது பகா எண் இல்லை’ என்று அடித்துச் சொல்ல முடியும். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1640-இல் பிரெஞ்சு வழக்கறிஞர் பியர் தெ ஃபெர்மா ஒரு கடிதத்தில் சொன்ன விதி இது. p ஒற்றைப்படைப் பகா எண்ணானால், 2-ஐ (p−1) முறை பெருக்கி p-ஆல் வகுத்தால் மீதி கண்டிப்பாக 1.

91-ஐ எடுத்துக்கொள்வோம். 2-ஐ 90 முறை பெருக்க வேண்டும். பயப்பட வேண்டாம், மீதியை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் போதும். 2-இன் 12-ஆம் அடுக்கு 4096; 91×45 = 4095; ஆக மீதி 1. 12 அடுக்குக்கு ஒருமுறை மீதி 1-க்கே திரும்புகிறது. 84-ஆம் அடுக்கிலும் மீதி 1. பாக்கி இருப்பது ஆறு அடுக்கு, அதாவது 64. மீதி 1 வரவில்லை, 64 வந்துவிட்டது. எனவே 91 பகா எண் இல்லை. கவனியுங்கள், 7, 13 என்ற பேச்சே இதில் வரவில்லை. குற்றம் நிரூபணமாகிவிட்டது, கூட்டாளிகள் யாரென்று மட்டும் தெரியவில்லை.

◆ இந்தச் சோதனையையும் ஏய்க்கும் எண்கள் இருக்கின்றன. முதல் ஆள் 341. இது 11×31, ஆனாலும் மீதி ஒழுங்காக 1 என்றே வரும். 2-க்குப் பதிலாக 3-ஐப் போட்டால் 341 மாட்டிக்கொள்ளும். அதைவிடக் கெட்டிக்கார எண்களும் உண்டு: 561, 1105, 1729. இவற்றோடு பொதுக்காரணி இல்லாத எந்த எண்ணைப் போட்டுச் சோதித்தாலும் பகா எண் போலவே விடை தரும். இவற்றுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். ஆம், ராமானுஜன் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து ஹார்டியிடம் பெருமை பேசிய அதே டாக்ஸி எண் 1729-தான். இரண்டு விதமாக இரு கனங்களின் கூட்டல் என்ற கீர்த்தியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். இந்தப் போலி வேடத்தைப் பேசுபவர்கள் குறைவு. 1729 = 7×13×19.

◆ 1644-இல் மரான் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி ஒரு பட்டியல் வெளியிட்டார். 2-ஐ p முறை பெருக்கி 1 கழித்தால், 257 வரை p எந்தெந்த எண்ணாக இருக்கும்போது பகா எண் கிடைக்கும்? 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 என்றார். (11 ஏன் இல்லை? 2047 = 23×89.) பட்டியலில் இரண்டு தப்பு, மூன்று விடுபாடு. 61, 89, 107 விட்டுப்போயின. 67-ம் 257-ம் தப்பாக நுழைந்தன. இதைச் சரிபார்த்து முடிக்க உலகத்துக்கு முந்நூறு ஆண்டு பிடித்தது என்பதால் துறவியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விடுபட்ட 61-ஐ 1883-இல் கண்டுபிடித்துச் சொன்னவர் இவான் பெர்வூஷின். பேராசிரியர் இல்லை, ரஷ்யக் கிராமப்புறத்துப் பாதிரியார்.

67-இன் கதை இன்னும் சுவை. 1876-இல் பிரான்ஸின் எதுவார் லூக்காஸ், 2-இன் 67-ஆம் அடுக்கில் 1 குறைந்தது பகா எண் இல்லை என்று நிரூபித்துவிட்டார். காரணிகள் என்ன? அவருக்கும் தெரியாது. 27 ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் என்பவர் எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையில் அந்த எண்ணைக் கணக்கிட்டு எழுதினார்: 147573952589676412927. பலகையின் மறுபக்கம் போய் 193707721-ஐ 761838257287-ஆல் கையால் பெருக்கினார். இரண்டும் ஒன்றே. பேசாமலே போய் உட்கார்ந்தார். சபை எழுந்து கைதட்டியது. எவ்வளவு காலம் பிடித்தது என்று பிற்பாடு கேட்டதற்கு, ‘மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்’ என்றாராம். இதை எழுதிவைத்த இ. டி. பெல் கொஞ்சம் மசாலா சேர்க்கிற எழுத்தாளர். பெருக்கலில் மட்டும் மசாலா கிடையாது, நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

◆ லூக்காஸ் வழி எப்படி வேலை செய்கிறது? 31-ஐச் சோதிப்போம். 31 என்பது 2-இன் 5-ஆம் அடுக்கில் 1 குறைவு. 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2 கழியுங்கள்; 31-ஐத் தாண்டினால் மீதியை மட்டும் வையுங்கள். 4 → 14 → 194, மீதி 8 → 62, மீதி 0. ஐந்தில் இரண்டு குறைய, மூன்றாம் படியில் பூஜ்யம் வந்தால் பகா எண். இப்போது நாம் போடும் இந்த எளிய வடிவத்துக்கு 1930-இல் மெருகேற்றியவர் டெரிக் ஹென்றி லேமர். மேலே 1-ஐ அட்டவணையில் சேர்த்தாரே, அவருடைய மகன்.

லூக்காஸ் 1876-இல் தம் வழியைக் கொண்டு 39 இலக்க எண் ஒன்றைப் பகா எண் என்று கையாலேயே நிறுவினார்: மெர்சென் பட்டியலில் உள்ள 127-க்கு உரிய எண். 75 ஆண்டுகள், 1951 வரை, உலகின் மிகப்பெரிய பகா எண்ணாக அது கோலோச்சியது.

◆ இன்று அந்தச் சிம்மாசனத்தில் இருப்பதும் மெர்சென் வகை எண்தான். 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கில் 1 குறைவு. 2024 அக்டோபரில் அமெரிக்காவின் லூக் டுராண்ட், 1996-இலிருந்து தன்னார்வலர்கள் நடத்திவரும் கிம்ப்ஸ் தேடலின் வழியாகக் கண்டுபிடித்தார். இலக்கங்கள் 4,10,24,320. பக்கத்துக்கு 2,500 இலக்கம் வீதம் அச்சடித்தாலும் 16,000 பக்கம் தாண்டும். இதற்கும் காரணி இரண்டேதான்.

◆ 4294967297 பகா எண் என்று நம்பியவர் ஃபெர்மா. 1732-இல் ஆய்லர் 641 என்ற காரணியைக் கண்டுபிடித்து நம்பிக்கையைக் கலைத்தார். ஃபெர்மா எண்கள் எனப்படும் வரிசையில் இதற்கு முந்தைய எண் 65537. அது பகா எண். இன்று இணையப் பூட்டுகளில் மிக அதிகமாகப் புழங்கும் எண்களில் ஒன்று.

◆ எவ்வளவு பெரிய எண்ணானாலும் அது பகா எண்ணா என்று சந்தேகத்துக்கு இடமில்லாமலும், எந்த நிரூபிக்கப்படாத அனுமானத்தையும் நம்பாமலும், நியாயமான நேரத்துக்குள் சொல்ல முடியுமா? ‘முடியும்’ என்ற பதில் 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து வந்தது. பேராசிரியர் மணீந்திர அகர்வால். அவருடன் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா. முதலில் சுற்றுக்கு விட்ட கட்டுரை ஒன்பதே பக்கம். 2006-இல் அவர்களுக்கு கோடல் பரிசு கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால் நடைமுறையில் யாரும் இந்த முறையைப் பயன்படுத்துவதில்லை. கொஞ்சம் தவற வாய்ப்புள்ள பழைய மில்லர்–ராபின் சோதனை அதைவிடப் பல மடங்கு வேகம். கான்பூர் முறையும் காரணியைச் சொல்லாது. ‘இல்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

◆ ‘பகா எண் இல்லை’ என்று சொல்வதற்கும் காரணியைக் கண்டுபிடிப்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் உங்கள் வங்கிக் கணக்கின் பாதுகாப்பே குடியிருக்கிறது. இரண்டு பெரிய பகா எண்களைத் தேடிப் பெருக்குவது கணினிக்கு நொடி வேலை. பெருக்கி வந்ததை மறுபடி இரண்டாக்குவது, அரைத்த மாவிலிருந்து அரிசியையும் உளுந்தையும் பிரிப்பது மாதிரி. ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் மூவரும் 1977-இல் இதை வைத்து ஆர்.எஸ்.ஏ. பூட்டைச் செய்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மார்ட்டின் கார்ட்னர் தமது பத்தியில் 129 இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, காரணி கண்டு ரகசியச் செய்தியைப் படிப்பவருக்கு 100 டாலர் என்றார். கோடானுகோடி ஆண்டு ஆகும் என்று கணித்திருந்தார்கள். 17 ஆண்டில் கதை முடிந்தது! 1994-இல் சுமார் 600 பேர் இணையம் வழியாகக் கணினிகளைச் சேர்த்து உடைத்தார்கள். உள்ளே இருந்த செய்தி, முகம் சுளிக்கும் கழுகு ஒன்றைப் பற்றிய அர்த்தமில்லாத வாக்கியம்.

இப்போது வழக்கத்தில் இருப்பது 617 இலக்கம். 2020-இல் 250 இலக்கம் வரை உடைத்திருக்கிறார்கள்.

◆ குவாண்டம் கணினி வந்தால் இந்தப் பூட்டு திறந்துவிடும் என்று 1994-இல் பீட்டர் ஷோர் காகிதத்தில் காட்டினார். 2001-இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஏழு க்யூபிட்டை வைத்து ஷோர் முறையை ஓட்டி ஒரு எண்ணைப் பிரித்தே விட்டார்கள். எந்த எண்? 15.

◆ நெல்லைச் சீமை எண் கணிதத்துக்குத் தந்த பிள்ளை சு. சி. பிள்ளை. 1901-இல் குற்றாலம் பக்கத்து வல்லத்தில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலையில் பணியாற்றியவர். 14 வரையுள்ள எண்களை எல்லாம் பெருக்கி 1 கூட்டினால், அதை 23 மீதியின்றி வகுக்கும். ஆனால் 23-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி 1 வராது, 9 வரும். இப்படிப்பட்ட பகா எண்களுக்கு ‘பிள்ளை பகா எண்கள்’ என்றே பெயர்; 23-தான் அவற்றில் மிகச் சிறியது. அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், 1950 ஆகஸ்டில் கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் காலமானார். வயது 49.

◆ 8616460799-ஐ எந்த இரண்டு எண்களைப் பெருக்கிப் பெற்றேன் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியவராது என்ற ரீதியில் 1874-இல் சவால் விட்டார் இங்கிலாந்தின் பொருளியல் அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். 1903-இல் லேமர் (அப்பா) போட்டு உடைத்தார்: 89681 × 96079. ஜெவன்ஸ் செய்த பிசகு, அருகருகே இருக்கும் எண்களை எடுத்தது. அதற்கு ஃபெர்மா அப்போதே மருந்து வைத்திருந்தார். எண்ணின் வர்க்கமூலத்துக்குச் சற்று மேலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக வர்க்கம் எடுத்து, அதிலிருந்து நம் எண்ணைக் கழித்துப் பாருங்கள். கழித்த மிச்சமும் ஒரு வர்க்கமானால் காரணி கைக்கு வந்தது. ஜெவன்ஸ் எண்ணுக்கு 92825-இல் தொடங்கினால் 56-ஆவது முயற்சியில், 92880-இல் விழுந்துவிடும். ஒரு மத்தியானம் போதும்.

◆ கடைசியாக ஒன்றை நீங்களே போட்டுப் பாருங்கள்: 10403. வகுத்து வகுத்துப் போனால் 2 முதல் 97 வரை, நூற்றுக்குள் இருக்கும் 25 பகா எண்களும் கைவிரிக்கும். பொறுமை இழந்தவர் அங்கேயே ‘பகா எண்’ என்று எழுதிவிடுவார். இருபத்தாறாவதான 101-தான் வகுக்கிறது, ஈவு 103. ஃபெர்மா வழியில் ஒரே படி: 102-இன் வர்க்கம் 10404, கழித்தால் 1.